பாப்வா செவ்கோலம்

செவ்சங்கர் "பாப்வா" செவ்கோலம் (இறப்பு: சூலை 1978) தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த, இந்திய வம்சாவளிக் குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வீரர் ஆவார். ஐரோப்பாவின் பழமையான போட்டிகளுள் ஒன்றான டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றார். தன் சொந்த மாகாணத்தில் நடைபெற்ற நட்டால் ஓப்பனை 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் வென்றார். 1963இல் வெற்றிக் கோப்பையை இவர் கழகக் கட்டடத்திற்கு வெளியே மழையில் நின்று பெற்றுக்கொள்ள நேர்ந்தது. இந்நிகழ்வு தென்னாப்பிரிக்க இனவொதுக்கல் கொள்கையின் அடையாளமாக உலகெங்கும் அறியப்பட்டது.

பின்னணி

கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக இந்தியாவிலிருந்து நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பலான ட்ரூரோ, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று நட்டால் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு சென்றனர். இவர்களில் தமிழர், தெலுங்கர், வட இந்தியர் எனப் பலரும் இருந்தனர். இந்தியப் பெயர்களை ஆங்கிலேய எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி பதிவேட்டில் எழுதியதால் பல பெயர்கள் உருமாறின. செவ்சங்கர் என்பது சிவசங்கர் என்ற பெயரின் திரிபாகும்.

இளமைக்காலம்

பாப்வா 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் டர்பனில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய தாயார் பார்வையற்றவர். எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. குடும்பத்தின் வறுமை காரணமாகச் சிறு வயதிலேயே, அருகில் இருந்த வெள்ளையர் குழிப்பந்தாட்டக் கழகத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாகச் சேர்ந்தார். அங்கு ஆடும் உரிமை இவருக்கு இல்லை. மரக்குச்சி ஒன்றை மட்டையாகக் கொண்டு தானாகவே பந்தை அடித்துப் பழகினார்.

பிடிமுறை

வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலும் வலக்கை கீழும் இருப்பதே வழக்கம். பாப்வா இதற்கு நேர்மாறாக, வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்துப் பிடித்தார். ஆனால் பந்தை வலக்கை ஆட்டக்காரரைப் போலவே அடித்தார். பயிற்சியாளர்கள் தவறு என்று ஒதுக்கும் இம்முறையை இவர் இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை. இப்பிடிமுறையுடன் ஒரு நாட்டின் ஓப்பன் போட்டியை மூன்று முறை வென்றவர் என்பதால் குழிப்பந்தாட்ட வரலாற்றில் இவருக்குத் தனி இடம் உண்டு.

டச்சு ஓப்பன்

குழிப்பந்தாட்டத்தில் ஓப்பன் என்பது பொழுதுபோக்கு ஆட்டக்காரர், தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிய இரு சாராரும் கலந்துகொள்ளக்கூடிய போட்டியைக் குறிக்கும். பொதுவாக நான்கு நாட்களில், நாளொன்றுக்கு 18 குழிகள் வீதம் 72 குழிகள் ஆடப்படும். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். இத்தகைய போட்டிகளுள் முதலாவது 1860இல் ஸ்காட்லாந்தின் பிரஸ்ட்விக்கில் தொடங்கியது. டச்சு ஓப்பன் 1912 முதல் நடந்து வருகிறது. பின்னாளில் புகழ்பெற்ற ஸ்பெயின் வீரர் செவே பயஸ்தெரோஸ் 1976இலும், ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் 1984இலும் இப்போட்டியை வென்றுள்ளனர்.

பாப்வாவின் திறமையைக் கண்ட டர்பன் வேதியியலாளர் கிரகாம் உல்ஃப், 1959இல் இவர் ஐரோப்பா செல்ல உதவினார். ஓலே என்ற முகப்பூச்சைக் கண்டுபிடித்தவர் இவரே. அவ்வாண்டிலேயே பாப்வா டச்சு ஓப்பனை வென்றார். அடுத்த ஆண்டும் வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 1964இல் மூன்றாவது முறையாக வெற்றி பெற்றார். இடையில் 1963இல் இங்கிலாந்தின் ராயல் லித்தம் திடலில் நடைபெற்ற பிரிட்டிஷ் ஓப்பனில் முதல் 20 இடங்களுக்குள் வந்தார்.

1963 நட்டால் ஓப்பன்

ஐரோப்பாவில் இருமுறை பட்டம் வென்ற பின்னரும் தாய்நாட்டின் முதன்மைப் போட்டிகளில் இவரால் இயல்பாகக் கலந்துகொள்ள முடியவில்லை. 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் ஒவ்வோர் இனத்தவரும் வாழ வேண்டிய பகுதிகளை வரையறுத்தது. 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் பூங்கா, கடற்கரை, பேருந்து போன்ற பொது இடங்களை இன அடிப்படையில் பிரித்தது. எனவே வெள்ளையர் ஆடும் போட்டியில் ஓர் இந்தியர் கலந்துகொள்வதே அனுமதிக்குரிய செயலாக இருந்தது. ஓப்பன் என்ற பெயர் கொண்ட போட்டி, நாட்டு மக்களில் பெரும்பான்மையினருக்கு மூடப்பட்டிருந்தது.

1963இல் டர்பன் கன்ட்ரி கிளப் திடலில் நடைபெற்ற நட்டால் ஓப்பனில் ஆடுவதற்குப் பாப்வாவுக்கு அனுமதி கிடைத்தது. பங்கேற்ற வெள்ளையின வீரர்கள் அனைவரையும் முந்தி இவர் வெற்றி பெற்றார்.

குழிப்பந்தாட்டப் போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் கழகக் கட்டடத்தில் அனைவரும் கூடுவதும், அங்கு வெற்றியாளருக்குக் கோப்பை வழங்கி விருந்தளிப்பதும் நீண்ட கால மரபு. ஆனால் வெள்ளையருக்கு உரிய கட்டடத்தினுள் இந்தியர் ஒருவர் விருந்தினராக நுழைவது அன்றைய ஒழுங்கிற்கு முரணானது. அன்று மழை பெய்துகொண்டிருந்தது. தோல்வியுற்றவர்கள் உள்ளே இருக்க, வெற்றியாளர் வெளியே நனைந்தவாறு கோப்பையைப் பெற்றுக்கொண்டார்.

இக்காட்சியின் ஒளிப்படம் பல நாட்டு நாளிதழ்களில் வெளியானது. இனவொதுக்கல் பற்றி அதுவரை அறியாதவர்களுக்கும் அதன் பொருளை அது உணர்த்தியது. டென்னிஸ் புரூட்டஸ் போன்றோர் தென்னாப்பிரிக்காவை உலக விளையாட்டரங்கிலிருந்து விலக்கக் கோரிப் போராடிவந்த காலம் அது. அவர்களுடைய கோரிக்கைக்கு இந்நிகழ்வு வலுச் சேர்த்தது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்கா அனுமதிக்கப்படவில்லை. 1970இல் அந்நாடு ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது.

1965 வெற்றி

1965 நட்டால் ஓப்பனில் பாப்வா, தென்னாப்பிரிக்காவின் தலைசிறந்த வீரரான கேரி பிளேயரைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். அதே ஆண்டில் அமெரிக்க ஓப்பனை வென்ற பிளேயர், நான்கு பெரும் போட்டிகளையும் வென்றவர் என்ற பெருமையைப் பெற்றார். அத்தகைய வீரரை அவருடைய சிறந்த காலத்தில் வென்றமை பாப்வாவின் ஆட்டத்தரத்திற்குச் சான்றாகும். அதே 1965இல், கொல்கத்தாவில் நடைபெற்ற இந்திய ஓப்பனைப் பிரேம் கோபால் சேத்தி என்ற இந்தியப் பொழுதுபோக்கு ஆட்டக்காரர் வென்றார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

தடை

கேரி பிளேயருக்கு அவ்வெற்றி ஆண்டு புகழின் உச்சமாக அமைந்தது. பாப்வாவுக்கோ அதுவே ஆட்ட வாழ்வின் முடிவுக்குத் தொடக்கமாயிற்று. இதன் பின்னர் உள்நாட்டு முதன்மைப் போட்டிகளில் ஆட அரசு இவருக்கு அனுமதி மறுத்தது. 1966இல் இவருடைய கடவுச்சீட்டும் திரும்பப் பெறப்பட்டது. இதனால் இவரை வரவேற்ற ஐரோப்பியப் போட்டிகளுக்கும் செல்ல இயலவில்லை. வேறு தொழில் அறியாத இவருக்கு வருமான வழியும் அடைபட்டது. இத்தடையின்போது இவருடைய வயது நாற்பதைக்கூட எட்டவில்லை. குழிப்பந்தாட்ட வீரர்கள் பலர் நாற்பது வயதைக் கடந்தும் பெரும் போட்டிகளை வெல்வதுண்டு.

மறைவும் நினைவும்

பாப்வா 1978 சூலையில் மாரடைப்பால் காலமானார். இறக்கும்போது வறுமையிலேயே இருந்தார். இனவொதுக்கல் முறை முடிவுற்று 1994இல் மக்களாட்சி அமைந்த பின்னர், தென்னாப்பிரிக்க அரசு இவருக்கு இக்காமங்கா விருதை மறைவுக்குப் பின் வழங்கியது. கலை, பண்பாடு, விளையாட்டு ஆகியவற்றில் சிறந்தோருக்கு வழங்கப்படும் விருது இது. டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில் உள்ள பொதுக் குழிப்பந்தாட்டத் திடல் ஒன்றுக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டது. இவரைப் பற்றி வாழ்க்கை வரலாற்று நூல்களும் வெளிவந்துள்ளன.

பிற நாடுகளில்

குழிப்பந்தாட்டத்தில் இனப் பாகுபாடு தென்னாப்பிரிக்காவில் மட்டும் இருக்கவில்லை. அமெரிக்கத் தொழில்முறைக் குழிப்பந்தாட்டச் சங்கத்தின் விதிகளில், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி 1961 வரை இருந்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டி 1934இல் தொடங்கியது. அதில் ஆடிய முதல் கறுப்பினத்தவரான லீ எல்டர் 1975இல்தான் பங்கேற்றார். அப்போட்டியை நடத்தும் அகஸ்டா நேஷனல் கழகம் 1990இல் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டது.

பாப்வாவைப் போலவே இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஃபிஜி நாட்டு வீரர் விஜய் சிங் 2000இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். மரபுப்படி, அப்போட்டியின் வெற்றியாளருக்குரிய பச்சை நிற மேலங்கி அவருக்கு அணிவிக்கப்பட்டது. டர்பனில் பாப்வா மழையில் கோப்பை பெற்றதற்கும் இதற்கும் இடையில் 37 ஆண்டுகள் கடந்திருந்தன.