கல்விக்கு வழக்காடிய கோகலே

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களிற் குடியேறிய நம்மிற் பெரும்பாலோருக்குக் கைப்பொருளாய் அமைந்தது கல்வி ஒன்றே. நிலமும் வீடும் ஊரில் நின்றுவிட்டன. நாம் கற்றது மட்டுமே நம்முடன் இரயிலேறி வந்தது. ஆகவே, இந்நாட்டின் ஏழைக் குழந்தைகள் அனைவருக்கும் அக்கைப்பொருளைச் சட்டத்தின் வாயிலாக வழங்க முதன்முதல் முயன்ற கோபாலகிருஷ்ண கோகலேயின் வரலாற்றை இவ்வாண்டு விழா மலரில் நினைவு கூர்வது நம் கடமையாகும்.

கொங்கண நாட்டில் இரத்தினகிரி ஜில்லாவைச் சேர்ந்த கோட்லுக் என்னும் சிற்றூரில் 1866-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் கோகலே பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் நிலைகுலைந்தது. தமையனார் கோவிந்தராவ் தம் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் வேலைக்கு அமர்ந்து, அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கென அனுப்பி வந்தார். ஒருவர் கல்வியைத் துறந்ததனால் மற்றொருவர் கற்றார். 1884-ஆம் ஆண்டில், பதினெட்டு வயதிலேயே, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவராகக் கோகலே பி.ஏ. பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவர் உத்தியோகத்தையும் பொருளையும் நாடிச் செல்லவில்லை. புனா நகரில் தக்காணக் கல்விச் சங்கத்தாருடன் சேர்ந்து, சொற்ப ஊதியத்தில் ஆசிரியத் தொழில் புரிவதாக உறுதி பூண்டார். 1885-இல் தோன்றிய பெர்கூசன் கல்லூரியிற் கணிதம், ஆங்கிலம், சரித்திரம், பொருளாதாரம் ஆகியவற்றைக் கற்பித்தார். கல்லூரிக்கு நிதி திரட்ட ஊர் ஊராக அலைந்தார். 1902-ஆம் ஆண்டில் அப்பணியினின்றும் ஓய்வு பெற்றார். அதற்குள் அவர் வைஸ்ராயின் சட்டசபையில் உறுப்பினராகி, வரவு செலவுத் திட்டத்தை நுணுகி ஆராய்ந்து பேசுவதிற் பெரும் புகழ் எய்தியிருந்தார். கர்ஸன் பிரபுவின் 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம், உயர்கல்வியை அரசாங்கத்தின் பிடிக்குள் இறுக்கிவிடும் என்று அஞ்சி, மசோதா நிலையிலேயே அதனை உறுதியாக எதிர்த்தார். 1905-இல் காசி நகரிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். அவ்வாண்டிலேயே இந்திய ஊழியர் சங்கத்தையும் நிறுவினார்.

எனினும், அவர் நெஞ்சில் நிலைத்து நின்றது ஆரம்பக் கல்வியே. அக்காலத்தில் இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர்தாம் எழுத்தறிந்தவர். பரோடா சமஸ்தானத்திலோ சாயாஜிராவ் மகாராஜா 1906-ஆம் ஆண்டிலேயே கட்டாயக் கல்வியை நாடெங்கும் பரவச் செய்திருந்தார். ஒரு சமஸ்தானத்தால் இயன்றது பேரரசுக்கு ஏன் இயலாது என்பதே கோகலே எழுப்பிய வினா. 1910-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சட்டசபையில் இது பற்றி ஒரு தீர்மானம் கொணர்ந்தார். அரசாங்கம் ஆவன செய்வதாகக் கூறவே அதனைத் திரும்பப் பெற்றார். 1911-ஆம் ஆண்டு மார்ச் 16-ஆம் நாள், ஆரம்பக் கல்வி மசோதாவையே சபையின் முன் வைத்தார்.

அம்மசோதா மிகவும் அடக்கமானது. முன்னரே போதிய அளவு பிள்ளைகள் பள்ளி செல்லும் இடங்களில் மட்டும், நகரசபையோ ஜில்லா போர்டோ விரும்பினால், அரசாங்கத்தின் அனுமதி பெற்று, ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். நாளடைவிற் சிறுமியருக்கும் அதனை விரிவாக்கலாம். மாதம் 10 ரூபாய்க்கும் குறைந்த வருமானமுடைய பெற்றோரிடம் சம்பளம் வாங்கலாகாது. செலவில் இரு பங்கை அரசாங்கமும், ஒரு பங்கை உள்ளூர் ஸ்தாபனமும் ஏற்க வேண்டும் என்பது அவர் கருத்து. அண்ணனின் எட்டு ரூபாயிற் கற்றவர், அத்தகைய அண்ணன் வாய்க்காத பிள்ளைகளுக்காகவும் எண்ணிப் பார்த்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மாகாண அரசாங்கங்கள் ஆதரவளிக்கவில்லை. மக்கள் இதனைக் கேட்கவில்லை என்றும், புதிய வரிக்கு அவர்கள் இசையார் என்றும் அதிகாரிகள் வாதித்தனர். வயல் வேலைக்கு ஆள் கிடையாது போகுமெனச் செல்வர் சிலர் கலங்கினர். 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரு நாள் விவாதம் நிகழ்ந்தது. மசோதாவைப் பொறுக்குக் குழுவுக்கு அனுப்பலாம் என்ற பிரேரணைக்கு ஆதரவாக 13 வாக்குகளும், எதிராக 38 வாக்குகளும் விழுந்தன. தோல்வி வரும் என்பதைக் கோகலே முன்னரே அறிவார், அறிந்தே வழக்காடினார். 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார். இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை, நம் தஞ்சைத் தரணியின் வலங்கைமானிற் பிறந்து, சென்னையில் தலைமையாசிரியராக விளங்கிய மகாகனம் சீனிவாச சாஸ்திரியாரிடம் வந்து சேர்ந்தது.

மசோதா வீழ்ந்தது, அதன் கருத்து வீழவில்லை. 1918-இல் விட்டல்பாய் படேலின் முயற்சியாற் பம்பாய் மாகாணத்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் பிறந்தது. 1920-இல் சென்னை மாகாணமும் தனக்கெனச் சட்டம் இயற்றிக் கொண்டது. 1950-ஆம் ஆண்டு அரசியல் சாசனம், பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளில் அளிக்க முயல வேண்டுமெனப் பணித்தது. அந்தக் கெடு கடந்து அரை நூற்றாண்டு சென்ற பின்னரே, கல்வி உரிமைச் சட்டம் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோகலே மசோதாவைக் கொணர்ந்த நாளிலிருந்து தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்!

சட்டம் வந்துவிட்டது, குழந்தையைப் பள்ளி வாயில் வரை கொண்டு சேர்ப்பது மக்கள் கையில் இருக்கிறது. நம் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பற்றி நாள்தோறும் கவலை கொள்கிறோம். நம் இல்லங்களிற் பணிபுரிவோரின் குழந்தைகள் பள்ளிக்குச் செல்கின்றனரா என்று ஒருமுறையேனும் வினவினோமா? வினவுவோம், செல்லாத குழந்தை இருப்பின் அதன் கைபிடித்து அழைத்துச் செல்வோம். கோகலேக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவேயாகும்.