தாயின் குரலைத் தேடிய மாயாஜால மன்னர்

இறந்தவர்களோடு பேச முடியுமா? பேய், ஆவி எல்லாம் உண்மைதானா?

இந்தக் கேள்விகளை வைத்து இன்று எத்தனையோ தொலைக்காட்சித் தொடர்கள் வருகின்றன. காமிராவைத் தூக்கிக்கொண்டு பாழடைந்த வீடுகளுக்குள் போகிறார்கள். இருட்டில் ஓசை கேட்கிறது. பார்ப்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தொலைக்காட்சி வீடுகளுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஆவிக் கதைகளைத் தேடிப் போய்ச் சோதித்தவர் ஒருவர் உண்டு. அவர் விஞ்ஞானி அல்ல. போலீஸ்காரரும் அல்ல. மாயாஜால வித்தைக்காரர்!

அவர்தான் ஹாரி ஹூடினி.

ஏழைக் குடும்பம்

ஹூடினி 1874-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எரிக் வைஸ். தந்தை யூத மத குரு. தாயார் பெயர் சிசிலியா.

1878-ல் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. அங்கும் வறுமைதான். சிறுவன் எரிக் தெருவில் பத்திரிகை விற்றான். பூட்சுக்குப் பாலிஷ் போட்டான். ராபர்ட் ஹூடின் என்ற பிரெஞ்சு வித்தைக்காரரின் வரலாற்றைப் படித்து மயங்கினான். அந்தப் பெயரையே சிறிது மாற்றித் தனக்குச் சூட்டிக்கொண்டான்.

1892-ல் தந்தை இறந்தார். அன்று முதல் தாய்தான் ஹூடினிக்கு உலகம்.

1894-ல் பெஸ் என்ற பெண்ணை மணந்தார். கணவனும் மனைவியும் ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டினார்கள். சில நாட்களில் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அப்போது ஆவிகளை அழைத்துப் பேசுவதாகவும் மேடையில் நடித்தார்கள்.

ஓர் ஊருக்குப் போனதும் முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார் ஹூடினி. கல்லில் வெட்டியிருக்கும் பெயர்களைக் குறித்துக்கொள்வார். ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துக் குடும்பச் செய்திகளைக் கறப்பார். இரவில் அவற்றை ஆவி சொன்னதாகச் சொல்வார். ஜனங்கள் கண்ணீர் விட்டு அழுவார்கள். அந்தக் கண்ணீர் பிற்காலத்தில் அவர் மனத்தை உறுத்தியது.

புகழின் உச்சி

1900-ல் ஹூடினி இங்கிலாந்து சென்றார். கைவிலங்கு, கால்விலங்கு, சிறைக் கதவு எதுவும் அவரைத் தடுக்கவில்லை. 1912-ல் இன்னொரு வித்தையைத் தொடங்கினார். தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பூட்டுவார்கள். அதிலிருந்தும் வெளியே வந்தார்!

பணம் குவிந்தது. ஒரு முறை சம்பளத்தைத் தங்க நாணயங்களாக வாங்கி வந்து தாயின் மடியில் கொட்டினார்.

1913 ஜூலை மாதம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இருந்தார் ஹூடினி. தந்தி வந்தது. தாய் இறந்துவிட்டாள்! படித்தவுடன் மயங்கி விழுந்தார். எந்தப் பூட்டையும் திறந்தவருக்கு இந்தத் துக்கத்திலிருந்து வெளியே வர வழி தெரியவில்லை.

வந்தது கடிதம்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. லட்சக்கணக்கான வாலிபர்கள் மாண்டார்கள். 1918-ல் விஷக் காய்ச்சல் பரவி மேலும் பலரைக் கொண்டுபோயிற்று. பிள்ளையை இழந்த தாய்மார்கள், கணவனை இழந்த மனைவிமார்கள் ஆவியோடு பேசுவோரின் வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறியும் நிபுணரைக் கதையில் படைத்த ஆர்தர் கானன் டாயிலும் ஆவிகளை நம்பினார். அவரும் மகனைப் பறிகொடுத்தவர். ஹூடினிக்கு நண்பர்.

1922 ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டி நகரில் டாயிலின் மனைவி கையில் பென்சிலை எடுத்தார். ஹூடினியின் தாயின் ஆவி வந்துவிட்டதாகச் சொல்லி, பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார்.

ஹூடினியின் நெஞ்சு படபடத்தது. அது உண்மையாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினார். ஆனால் கடிதத்தின் உச்சியில் சிலுவைக்குறி இருந்தது. யூத குருவின் மனைவி சிலுவை போடுவாளா? கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் தாய்க்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது! அன்று தாயின் பிறந்த நாள் என்பார் ஹூடினி. அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

அந்த அம்மாள் வேண்டுமென்றே ஏமாற்றியதாக ஹூடினி நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைத் தாயின் கடிதமாக ஏற்க மறுத்தார். நட்பு முறிந்தது.

இருட்டில் மணி

அதன் பிறகு ஹூடினி ஓயவில்லை. பொய்த் தாடி ஒட்டிக்கொண்டு ஆவிக் கூட்டங்களுக்குப் போனார். உண்மையான ஆவியைக் காட்டினால் 10,000 டாலர் தருவதாக அறிவித்தார். யாராலும் அதை வாங்க முடியவில்லை.

1924-ல் ஓர் அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகை நடத்திய சோதனைக் குழுவில் அவரும் இருந்தார். பாஸ்டன் நகரில் ஒரு டாக்டரின் மனைவி, மார்ஜரி என்ற பெயரில் ஆவிகளை அழைத்து வந்தார். இருட்டில் தானாகவே மணி அடிக்கும். அவருடைய கால்கள் அசையவில்லை என்று பக்கத்தில் இருப்பவர்கள் சாட்சி சொல்வார்கள்.

ஹூடினி ஒரு யுக்தி செய்தார். அன்று பகல் முழுவதும் முழங்காலுக்குக் கீழே இறுக்கமான ரப்பர் பட்டையைக் கட்டியிருந்தார். கால் வீங்கியது. இலேசாகப் பட்டாலும் வலித்தது. இரவு அந்தக் காலை மார்ஜரியின் காலோடு ஒட்டி வைத்தார். மார்ஜரியின் கால் மெல்ல மெல்ல நகர்ந்தது. மணி அடித்தது! அடித்தது ஆவி அல்ல, கால்தான் என்று ஹூடினி அறிவித்தார். மார்ஜரியின் ஆதரவாளர்கள் மறுத்தார்கள். ஆனால் 2,500 டாலர் பரிசு மார்ஜரிக்குக் கிடைக்கவில்லை.

1926-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் ஹூடினி சாட்சி சொன்னார். தலைநகர் வாஷிங்டனில் பணத்துக்காகக் குறி சொல்வதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று வாதாடினார். சட்டம் நிறைவேறவில்லை.

அணைந்த விளக்கு

அதே ஆண்டு அக்டோபரில் மான்ட்ரியல் நகரில் ஒரு மாணவர் அவருடைய வயிற்றில் பலமாகக் குத்தினார். எதையும் தாங்குபவர் என்ற பேச்சைச் சோதித்துப் பார்த்தார்! கடும் வலியோடும் காய்ச்சலோடும் ஹூடினி டெட்ராயிட் நகரில் மேடை ஏறினார். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவியிருந்தது. டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை. அக்டோபர் 31-ந் தேதி காலமானார். வயது 52.

தாயின் கடிதங்களை அவரோடு வைத்து, தாயின் அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.

சாகுமுன் மனைவியுடன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஆவியாக வர முடிந்தால், இருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சொற்களைச் சொல்ல வேண்டும். 1929-ல் ஒருவர் அவற்றைச் சொல்லிவிட்டதாகப் பரபரப்பு எழுந்தது. பெஸ் முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு மறுத்துவிட்டார். ரகசியச் சொற்களின் முறை 1928-ல் ஒரு புத்தகத்திலேயே வெளியாகியிருந்தது.

பெஸ் பத்து ஆண்டுகள் காத்திருந்தார். 1936 அக்டோபர் 31-ந் தேதி இரவு, ஹாலிவுட்டில் ஒரு ஓட்டலின் மொட்டை மாடியில் கடைசிக் கூட்டம் நடந்தது. ஹூடினியை அழைத்தார்கள். பதில் இல்லை. கணவரின் படத்துக்குப் பக்கத்தில் எரிந்த விளக்கைப் பெஸ் அணைத்தார்.

ஹூடினிக்குத் தாய் மீது பாசம் இல்லாமல் போகவில்லை. பாசம் இருந்ததால்தான், தாயின் பெயரால் வந்த பொய்யை ஏற்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களிடம் யார் வந்து என்ன சொன்னாலும் நம்பத் தோன்றும். அந்த நேரத்தில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும்.