சென்ட் அடிச்சா அரிக்குதா? விடையைத் தோலில் தேடச் சொன்ன யாடாசோன் யார்?

மருங்காபுரியில் திருவிழாவோ, ஸ்ரீரங்கத்தில் கல்யாணமோ, ரெண்டு ஸ்ப்ரே அடிக்காமல் நம்மில் பலர் கிளம்புவதில்லை. சிலருக்கு மட்டும் ஓரிரு நாளில் கழுத்து, அக்குளில் அரிப்பும் சிவப்பும் வரும். வேர்க்குருன்னு பவுடர் போட்டு விட்டுடுவோம். அது வாசனைப் பொருளால் வரும் தொடு ஒவ்வாமையாகவும் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க வழி சொன்னவர் யோசெஃப் யாடாசோன்.

யார் இவர்?

1863-ல் பிரஷ்யாவின் லீக்னிட்ஸ் நகரில் (இன்றைய போலந்து) யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஸ்லாவில் தோல் மருத்துவர் ஆல்பர்ட் நைஸரிடம் பணியாற்றினார். பாதரச மருந்து பட்ட சிலருக்கு மட்டும் தோல் வெந்துபோனது ஏன் என்று யோசித்தார். அந்த மருந்தையே கொஞ்சம் தோலில் ஒட்டிப் பார்த்தார். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த இடம் மட்டும் சிவந்தது. 1895-ல் கிராட்ஸ் மாநாட்டில் இதை விளக்கினார். அதுதான் இன்றைய பேட்ச் டெஸ்ட்டின் தொடக்கம்.

1896-ல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் பேராசிரியர் ஆனார். 1917-ல் பிரெஸ்லாவுக்குத் திரும்பினார். 1936-ல் சூரிச்சில் காலமானார்.

இன்று நமக்கு என்ன?

சந்தேகப் பொருட்களைச் சரியான அளவில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் விடுவார்கள். எடுத்துப் பார்த்து, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். காரணம், இந்த ஒவ்வாமை தாமதமாகத்தான் வெளிப்படும். 1970-களில் 8 வாசனைப் பொருட்கள் சேர்ந்த சோதனைக் கலவையும் வந்தது. அதில் கிராம்பில் இருக்கும் யூஜினாலும் உண்டு. அதனால் 'இயற்கை' என்று போட்டிருந்தாலே சேஃப் கிடையாது.

சுமை எங்கே?

இந்த ஒவ்வாமை வந்துட்டா பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். சோப்பு, ஷாம்பு, க்ரீம் என எல்லாவற்றிலும் வாசனை. கையில் வந்தால் வேலையே பாதிக்கும். பாட்டில் லேபிளிலோ பல சமயம் 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்தான். ஐரோப்பிய யூனியனில் 2005 முதல் 26 வாசனைப் பொருட்களை, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், பெயர் சொல்லி அச்சிட வேண்டும். 2023-ல் பட்டியல் இன்னும் நீண்டது.

அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால் சென்ட்டை நிறுத்திவிட்டு தோல் மருத்துவரைப் பாருங்க. வீட்டிலேயே ஒட்டிப் பார்க்காதீங்க. அளவு தப்பினால் தோல் புண்ணாகும். எது ஒத்துக்கலைன்னு பெயரோடு தெரிஞ்சுட்டா, மற்ற எல்லாத்தையும் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.