செக்கிழுத்த கையில் ஒரு செல்ஃப்-ஹெல்ப் புத்தகம்: கோவில்பட்டி வக்கீல் வ.உ.சி.யின் தேடல்

கோவில்பட்டி என்றதும் நமக்கு கடலை மிட்டாய் ஞாபகம் வரும், தீப்பெட்டி ஞாபகம் வரும். 1924 முதல் 1932 வரை அந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்த ஒருவர் அவ்வளவாக ஞாபகத்துக்கு வர மாட்டார். அவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழன் என்று பாடப்புத்தகத்தில் படித்த அதே ஆள்தான்.

கப்பல் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் மனுஷன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான், அவனை உள்ளிருந்து இயக்குவது எது என்ற கேள்வியோடு அவர் பல வருஷம் மல்லுக்கட்டியது பலருக்குத் தெரியாது.

1872-ல் கரிசல் மண்ணான ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல். மகனும் அதே தொழிலுக்கு வந்து, பிறகு தூத்துக்குடிக்குப் போனார். 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பிறந்தது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய்.

போட்டியான பிரிட்டிஷ் கம்பெனி, மனிதனை அசைப்பது காசு மட்டும்தான் என்று கணக்குப் போட்டது. தூத்துக்குடி - கொழும்பு கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசி கம்பெனி எட்டணாவுக்கு வந்தது. கடைசியில் அவர்கள் பயணமே இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்றார்கள். (இன்றைய ஆப் ஆஃபர்களுக்கெல்லாம் தாத்தா!) அப்படியும் ஜனங்கள் சட்டென்று அந்தப் பக்கம் சாய்ந்துவிடவில்லை. சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல வைக்கும் ஏதோ ஒன்று மனிதனுக்குள் இருக்கிறது என்பதை வ.உ.சி. கண்ணெதிரே பார்த்தார். 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோதும் அதைத்தான் பார்த்தார்.

அதே ஆண்டு மார்ச் 12-ல் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீடுகளுக்குப் பிறகுதான் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

சிறையில் ஏன் ஜேம்ஸ் ஆலன்?

கோவைச் சிறையில் முதலில் சணல் வேலை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்புறம் மாடு இழுக்க வேண்டிய செக்கு. அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. இந்த நிலையில் அவர் தமிழாக்க எடுத்தது இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆலன் 1903-ல் எழுதிய ஒரு சின்னப் புத்தகம். இன்றைய செல்ஃப்-ஹெல்ப் நூல்களுக்கு முன்னோடி. ஒருவனுடைய எண்ணம் எப்படியோ அப்படியே அவன் வாழ்க்கையும் சூழலும் அமையும் என்பதுதான் அதன் சாரம். 'மனம்போல வாழ்வு' என்று பெயர் வைத்தார்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இது இடிக்கும். செக்கில் கட்டப்பட்டது அவருடைய எண்ணத்தின் விளைவா, அரசாங்கத்தின் முடிவா? ஆலனின் கொள்கையை அப்படியே எடுத்தால், கஷ்டப்படுகிறவன் மேலேயே பழியைப் போடுவதாகிவிடும். வ.உ.சி. அதை அப்படிப் படித்திருக்க வாய்ப்பு குறைவு. உடம்பு அடுத்தவன் கையில் இருக்கும்போது, தன் கையில் மிச்சமிருப்பது மனசு மட்டும்தான் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

மொழிபெயர்ப்போடு அவர் நிற்கவில்லை. திருக்குறளின் அமைப்பைப் பின்பற்றி 'மெய்யறம்' என்ற அறநூலைத் தானே எழுதினார். அது மாணவரியலில் தொடங்குகிறது. மனிதனின் குணம் பிறப்போடு முடிந்துபோவதல்ல, பழக்கிக் கொண்டுவரக்கூடியது என்ற நம்பிக்கை அந்த வரிசையிலேயே தெரிகிறது.

வெளியே வந்தபோது...

1912 டிசம்பரில் விடுதலை. வாசலில் பெருங்கூட்டம் இல்லை, சுப்பிரமணிய சிவா உட்பட சிலர்தான். கம்பெனி அதற்குள் மூழ்கியிருந்தது. இலவசக் குடைக்கு மசியாத ஜனங்கள் பயத்துக்கு மசிந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்வதும் சுலபமில்லை. துப்பாக்கிச் சூட்டைப் பார்த்த ஊர் அது.

வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் மளிகைச் சாமான், மண்ணெண்ணெய் என்று கடை நடத்திப் பார்த்தார், தேறவில்லை. வறுமைதான். ஆனால் அந்த வருஷங்களில்தான் ஆலனின் இன்னொரு நூல் 'அகமே புறம்' என வந்தது, மெய்யறமும் அச்சேறியது, திருக்குறளுக்கான மணக்குடவர் உரையையும் பதிப்பித்தார்.

சன்னது திரும்பக் கிடைத்த விதம்தான் எந்தக் கொள்கைக்குள்ளும் அடங்காது. அதற்கு உதவியவர் ஈ.எச்.வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. 1908-ல் தூத்துக்குடிப் பக்கம் இதே அரசாங்கத்தின் அதிகாரியாக இருந்தவர். வ.உ.சி. தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். நன்றி என்று வரும்போது எந்தப் பக்கத்து ஆள் என்று அவர் பார்க்கவில்லை.

அந்தச் சன்னதோடுதான் கோவில்பட்டி வந்தார். பருத்தியும் கம்பும் விளையும், மழையை நம்பிய பூமி. 8 வருஷம் கோர்ட்டுக்குப் போனார், பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. 1932-ல் தூத்துக்குடிக்குத் திரும்பினார்.

நல்ல எண்ணம் நல்ல சூழலைத் தரும் என்ற ஆலனின் கணக்கு அவர் விஷயத்தில் கடைசி வரை நேராகவில்லை. ஆனாலும் 1934-ல் மறுபடியும் ஆலனைத்தான் எடுத்தார்; 'சாந்திக்கு மார்க்கம்' வந்தது. அடுத்த ஆண்டு திருக்குறள் அறத்துப்பாலுக்கு அவரே எழுதிய உரை வெளிவந்தது.

1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். கடைசி நாட்களில் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கியையும் மறக்காமல் குறித்து வைத்திருந்தார்.