கணக்கு ஏட்டில் ஓவியம் கண்டவர்

பிளஸ் டூ முடித்த கோடையில் ஆம்பூரில் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. அப்பாவோடு தோல் ஷாப்பு வேலைக்குப் போவதா, கல்லூரியில் சேர்வதா? அம்மாதான் கல்லூரி என்று முடிவு சொன்னார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனாலேயே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்க்கை என் நெஞ்சைத் தொட்டது.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். மலபாரின் நீர்நிலைகளும் தென்னந்தோப்புகளும் இளமையிலேயே அவரைத் தூரிகை எடுக்க வைத்தன. ஆனால் பதினெட்டாம் வயதில் தந்தையை இழந்தார். குடும்பத்தைக் காக்கத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர்க் காப்பீட்டு முகவராகவும் உழைத்தார். தூரிகையை மட்டும் கைவிடவில்லை. 1936இல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் மாணவரானார். 1957இல் அங்கேயே முதல்வரானார்!

1954இல் லண்டனிலும் பாரிஸிலும் அவருடைய கண்காட்சிகள் நடந்தன. மேலைநாட்டு அருவ ஓவியங்களை நேரில் கண்டார். எனினும் நம் மண்ணுக்குரிய வழி எது என்றே அவர் மனம் தேடியது. அந்த வழியைக் காட்டியது ஒரு மாணவரின் கணக்கு ஏடு! எண்கள், எழுத்துகள், கோடுகள் ஆகியவற்றின் பொருளை விட்டு, அவற்றின் வடிவையும் ஓட்டத்தையும் பார்த்தார். 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை பிறந்தது. ஜாதகக் கட்டங்களும் மலையாள எழுத்தை ஒத்த வரிகளும் அவற்றில் நிறைந்திருக்கும். படிக்க முயன்றால் பொருள் கிட்டாது. பார்த்தாலோ கண் அகலாது.

ஓவியர்கள் பிழைப்புக்காக ஓவியத்தை விட்டுவிடக் கூடாது என்பது அவர் கவலை. பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற பணத்தைக் கொண்டு, 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக வழிகாட்டினார். 1977இல் மறைந்தார்.

என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருநாள் இரவு என் ஏட்டில் இருந்த தொகையிடல் குறியைத் தொட்டு, தோல் மாட்டும் கொக்கி போல இருக்கிறதே என்றார். அது அவருக்குப் புரியாது என்று சொல்லி ஏட்டை மூடிவிட்டேன். பணிக்கரைப் பற்றி அறிந்த பின்பே என் தவறு எனக்கு உறைத்தது. புரியாதவர் அப்பா அல்லர். மூடிய ஏட்டை மறுநாள் நானே அவர்முன் விரித்து வைத்தேன்.