மஞ்சள் படிகமும் மோல் கணக்கும்

கேரித்தீவில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு வார இறுதியில் படிவம் 4 வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்றாம் பாடமான மோல் கணக்கு வந்ததும் பாதிப் பேருடைய முகம் வாடிவிடும். இதை வைத்து என்ன செய்யப் போகிறோம் அக்கா என்று கேட்பார்கள். பதிலுக்கு நான் சொல்வது பிரபுல்ல சந்திர ராயின் கதையைத்தான்.

ராய் 1861 ஆகஸ்டு 2ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ராருலி என்ற கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் கடும் வயிற்றுக்கடுப்பு வந்து பள்ளிப் படிப்பே நின்றது. அப்பாவின் நூலகம்தான் அப்போது அவருக்குப் பள்ளி. உடல்நலக் குறைவு கடைசிவரை போகவில்லை. 1882இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்றார். 1887இல் முனைவரானார். ஊர் திரும்பியவருக்கு ஓராண்டு போல வேலையே இல்லை. 1889இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது, மாதம் 250 ரூபாய்க்கு. உயர்ந்த சம்பளமுள்ள பணி கிட்டத்தட்ட ஐரோப்பியர்களுக்கே என்றிருந்த காலம் அது.

இனிதான் நம் பாடம் வருகிறது. மெர்குரஸ் நைட்ரேட் தயாரிப்பதற்காக, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்தோடு சூடாக்காமல் வினைபுரிய விட்டார் ராய். பாதரசத்தின் மேல் மஞ்சள் படிகங்கள் படிந்தன. காரத்தன்மையுள்ள உப்பாக இருக்குமோ என்று முதலில் எண்ணினார். ஆனால் அவ்வளவு அமிலம் உள்ள கரைசலில் அது எப்படி உண்டாகும்? படிகத்தைப் பகுத்து, அதிலுள்ள தனிமங்களின் அளவைக் கண்டார்.

நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். பாதரசத்தின் அணு நிறை 200.6. நைட்ரேட் என்றால் அதோடு 62 சேரும், பாதரசம் 76.4 விழுக்காடு. நைட்ரைட் என்றால் 46 மட்டுமே சேரும், பாதரசம் 81.3 விழுக்காடு. ஒரு கிராம் உப்பில் இந்த வித்தியாசம் சுமார் 50 மில்லிகிராம்தான். அந்தச் சிறிய இடைவெளியில்தான் மெர்குரஸ் நைட்ரைட் என்ற புதிய சேர்மம் இருந்தது. 1896இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அதை வெளியிட்டார்.

எனக்கு இன்னும் பிடித்தது எலும்புக் கதை. படித்த இளைஞர்கள் அரசாங்க வேலைக்காகவே காத்துக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 1892இல் சுமார் 700 ரூபாய் முதலில், வாடகை வீட்டிலேயே மருந்து தயாரிக்கத் தொடங்கினார். சோடியம் பாஸ்பேட்டுக்கு எலும்பு வேண்டும். கசாப்புக் கடைகளிலிருந்து மாட்டெலும்பு வாங்கி மொட்டை மாடியில் காயவைத்தார். மழை பெய்து எல்லாம் அழுகி நாற, அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? எலும்பை வேறிடம் கொண்டுபோய் எரித்துச் சாம்பலாக்கினார். அந்தச் சாம்பலுக்குக் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். எவ்வளவு?

பள்ளிக் கணக்குப்படி எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒரு மோல் கால்சியம் பாஸ்பேட்டுக்கு இரண்டு மோல் அமிலம். 310 கிலோவுக்கு 196 கிலோ. ஆனால் கடையில் கிடைக்கும் அமிலம் தூய்மையானதல்ல. 98 விழுக்காடு அமிலம் என்றால் 200 கிலோ வேண்டும். 60 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 327 கிலோ. செறிவைப் பார்க்காமல் ஊற்றினால் சாம்பல் வினைபுரியாமல் மிஞ்சும், அல்லது காசு கொடுத்து வாங்கிய அமிலம் வீணாகும். 700 ரூபாய் முதல் எத்தனை முறை தாங்கும்? நம் செம்பனைத் தோட்டங்களுக்கு வரும் உர மூட்டையில் அச்சிட்டிருக்கும் விழுக்காடுகளையும் இதே கணக்கு தெரிந்தால்தான் படிக்க முடியும்.

அந்த முயற்சி 1901இல் பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனமாக வளர்ந்தது. இன்றும் இந்திய அரசு நிறுவனமாக இயங்குகிறது. மேகநாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ் இருவரும் ராயின் வகுப்பில் படித்தவர்கள்.

1916இல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு மாறியவர், அங்கேயே ஓர் அறையில் தங்கிக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1921இல் 60 வயது நிறைந்ததும் தம் சம்பளத்தை வேதியியல் துறைக்கே கொடுத்துவிட்டு, மேலும் 15 ஆண்டுகள் பாடம் நடத்தினார். 1944 ஜூன் 16ஆம் நாள் அந்த அறையிலேயே காலமானார்.