வினாவிடையாய்த் தமிழ் தந்த போப்பையர்

முன்னுரை

தமிழ்த் தேர்வு என்றதும் நம்மில் பலருக்கு நெஞ்சம் படபடப்பது இலக்கணப் பகுதியை நினைத்துத்தான். செய்யுளை மனப்பாடம் செய்துவிடலாம். துணைப்பாடத்தைக் கதைபோல் படித்துவிடலாம். ஆனால் புணர்ச்சியும், வேற்றுமையும், தொகைநிலையும் மட்டும் நம்மை விட்டு விலகியே நிற்கின்றன. தேர்வுக்கு முதல் நாள் நெட்டுருப் போட்டு, தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறோம்.

ஆனால் எங்கோ பிறந்து, நம் மொழியின் ஓரெழுத்தும் அறியாது வளர்ந்த ஒருவர், இந்த இலக்கணத்தையே படிக்கட்டாகக் கொண்டு தமிழின் உச்சியை எட்டினார். தாம் ஏறியதோடு நில்லாமல், சிறுவர்களும் ஏறும்படி அந்தப் படிகளைச் சிறிது சிறிதாக வெட்டித் தந்தார். அவரே டாக்டர் ஜி.யு. போப். தமிழ் மக்கள் அன்போடு போப்பையர் என்று அழைத்த அப்பெரியாரின் வாழ்க்கையை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஜார்ஜ் உக்ளோ போப் 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் கனடாவைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தார். அவருடைய சிறு வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. சமயப் பணிக்காகத் தமிழ்நாடு செல்வது என்று முடிவானதும், அவர் இங்கிலாந்திலேயே தமிழ் கற்கத் தொடங்கினார். கப்பலில் வந்த நெடும் பயணத்திலும் தமிழ்ப் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. 1839-இல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது பத்தொன்பது. நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செல்லும் அக்காமாரைவிடச் சற்றே மூத்தவர், அவ்வளவுதான்!

சென்னையில் அவருக்கு ஒரு நல்லாசிரியர் வாய்த்தார். அவர்தாம் இராமாநுச கவிராயர். நன்னூலில் கரைகண்ட அப்புலவரிடம் அந்நாளில் வெள்ளையர் பலர் தமிழ் கற்றனர். பேச்சுத் தமிழ் வந்தால் போதும், பணி நடந்துவிடும் என்று போப் எண்ணவில்லை. புலவர் முன் மாணவராய் அமர்ந்து இலக்கணத்தை முறையாகக் கற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்கள் அனைத்திற்கும் அடித்தளம் இங்கேதான் இடப்பட்டது.

சாயர்புரத்து ஆசிரியர்

1842-இல் போப் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள சாயர்புரத்திற்குச் சென்றார். பனைமரங்கள் நிறைந்த அந்தச் செம்மண் பூமியில் ஒரு கல்விக்கூடத்தை வளர்த்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தமிழோடு ஆங்கிலம், கிரேக்கம், இலத்தீன், கணிதம் எனப் பலவும் கற்பித்தார். அவர் மிகவும் கண்டிப்பானவர். அவருடைய கண்டிப்பு சில சமயம் அளவு மீறியது என்றும், அதனால் மாணவர்களும் மற்றவர்களும் மனம் வருந்தினர் என்றும் அவரைப் பற்றி எழுதியோர் மறைக்காமல் எழுதியுள்ளனர். பெரியோர் வாழ்விலும் நாம் பின்பற்ற வேண்டாதவை உண்டு.

ஆயினும் பிரம்பால் ஆகாத ஒன்றை அவர் எழுதுகோலால் செய்தார். தமிழ் இலக்கணத்தைச் சிறுவர்க்கேற்ற வினாவிடை நூல்களாக எழுதினார்.

அந்நாளில் இலக்கணம் கற்பது எளிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் நூற்பாக்களை மாணவர் முதலில் மனப்பாடம் செய்வர். பொருள் விளங்குவது பின்னர்தான். போப்பையர் இம்முறையை மாற்றினார். ஒரு சிறு வினா, அதற்கு ஒரு சிறு விடை, அந்த விடையிலிருந்து அடுத்த வினா எனத் தொடுத்துச் சென்றார். தொடக்க மாணவர்க்கு முதற் புத்தகம், சற்று வளர்ந்தவர்க்கு இரண்டாம் புத்தகம், நன்னூல் முதலிய பழைய நூல்களையே நேராகக் கற்க விரும்புவோர்க்குப் பெரிய இலக்கணம் என்று படிப்படியாக அமைத்தார். மறைக்கல்வி வகுப்பில் நாம் வினாவிடையாகப் படிக்கிறோம் அல்லவா? அதே முறைதான் இது. ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் பள்ளிப் பிள்ளைகளுக்காக இலக்கணச் சுருக்கம், இலக்கண வினாவிடை ஆகிய நூல்களை எழுதினார். சமயத்தால் வேறுபட்ட இருவரும், பிள்ளைகளுக்கு இலக்கணம் எளிதாக வேண்டும் என்பதில் ஒன்றுபட்டது எண்ணி மகிழத்தக்கது.

வினாவின் ஆற்றல்

இம்முறையின் பயனை இவ்வாண்டு நேரிலேயே காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள் வரும் தேர்வுக்கு முன், எட்டாம் வகுப்புத் தங்கையருக்கு மாலை வேளையில் இலக்கணத்தைத் திருப்பிச் சொல்லித்தரும்படி எங்கள் தமிழம்மா பத்தாம் வகுப்பு மாணவியர் சிலரை அனுப்பினார்கள். வல்லினம் மிகும் இடங்கள் யாவை என்று கேட்டதும் தங்கையர் எல்லாரும் ஒரே குரலில் பாட்டுப்போல் ஒப்பித்தனர். அவற்றுள் ஒன்றுக்கு எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

ஆகவே வினாவைச் சிறிதாக்கினோம். வேற்றுமை எத்தனை? எட்டு. இரண்டாம் வேற்றுமையின் உருபு எது? ஐ. கீரை என்பதோடு அதைச் சேர்த்தால்? கீரையை. அடுத்துக் கடை என்ற சொல் வந்தால்? கீரையைக் கடை. உருபு வெளிப்பட்டு நின்றதால் 'க்' மிகுந்தது. சரி, அந்த ஐ மறைந்து நின்றால்? கீரை கடை. இங்கு மிகாது. இது அம்மா அடுப்படியில் மத்தை நம் கையில் கொடுத்துச் சொல்லும் சொல். அப்படியானால் கீரை விற்கும் கடையை எப்படி எழுதுவது? இந்த இடத்தில்தான் ஒரு தங்கை துள்ளி எழுந்தாள். கீரையை விற்கும் கடை என்பதில் ஐ என்ற உருபும், விற்கும் என்ற சொல்லும் சேர்ந்தே மறைந்துள்ளன. ஆகவே அது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அங்கு வல்லினம் மிகும். கீரைக்கடை என்றுதான் எழுத வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். சந்தைக்குப் போகும் வழியில் உள்ள பலகையில் அந்த 'க்' இல்லையே அக்கா என்று மற்றொருத்தி கேட்க, வகுப்பே சிரித்தது.

ஒரு புள்ளி வைத்த எழுத்து வந்தால் கடை, வராவிட்டால் மத்து! நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்கு முன் சாயர்புரத்துப் பிள்ளைகளும் இப்படித்தான் ஒவ்வொரு வினாவாகத் தமிழுக்குள் நுழைந்திருப்பார்கள். இலக்கணம் மதிப்பெண்ணுக்காக ஏற்பட்டதன்று. ஒருவர் எண்ணியதை மற்றவர் பிழையின்றி அறிந்துகொள்ள ஏற்பட்டது.

ஆக்ஸ்போர்டில் தமிழ்

சாயர்புரத்திற்குப் பின் போப் தஞ்சாவூரிலும், உதகமண்டலத்திலும், பெங்களூரிலும் பணியாற்றினார். சென்ற இடமெல்லாம் ஆசிரியராகவே வாழ்ந்தார். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமையை ஏற்று நடத்தினார். அறுபது வயதைக் கடந்தபின் இங்கிலாந்து திரும்பினார். நாற்பது ஆண்டு உழைத்தாயிற்று, இனி ஓய்வு என்று அவர் சாய்வு நாற்காலியில் அமரவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளரானார். தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்பித்தவர், இங்கிலாந்தில் தமிழ் கற்பித்தார்!

அவருடைய மிகப் பெரிய நூல்கள் யாவும் இதன் பின்னரே வெளிவந்தன. 1886-இல் திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் ஆங்கிலச் செய்யுளில் பெயர்த்து வெளியிட்டார். 1893-இல் நாலடியாரின் நானூறு பாடல்களும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. புறநானூறு, புறப்பொருள் வெண்பாமாலை ஆகியவற்றின் பாடல்கள் சிலவற்றையும் மொழிபெயர்த்தார்.

அடுத்து அவர் எடுத்தது மாணிக்கவாசகரின் திருவாசகம். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கும் மேல். அத்துணைப் பெரிய பணியை முடிக்கும்வரை வாழ்வேனோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. பேலியல் கல்லூரித் தலைவரும் நண்பருமான ஜோவெட் என்ற அறிஞரோடு உலாவும்போது அதனை வெளியிட்டார். பெரிய பணியைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழ வழி என்னும் கருத்துப்பட ஜோவெட் அவருக்கு ஊக்கமளித்தார். ஜோவெட் 1893-இல் மறைந்தார். ஆனால் அவர் சொன்னது பலித்தது. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தம் எண்பதாம் பிறந்த நாளில், போப் திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரைக்கு நாளிட்டார்.

நம் ஊரும் போப்பையரும்

திருவாசகத்தின் ஒரு பகுதியாகிய திருவெம்பாவையை மாணிக்கவாசகர் நம் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. மார்கழி மாத விடியலில் நம் வீதிகளில் ஒலிபெருக்கி வழியாக அதைக் கேட்டே நாம் கண் விழிக்கிறோம். பனி மூடிய மலையும், கோலமிடும் பெண்களும், அந்தப் பாட்டும் ஒன்றாகவே நம் நினைவில் பதிந்துள்ளன. அதன் இருபது பாடல்களில் முன்னவை, உறங்கும் தோழியரை ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்று அழைத்து எழுப்பும் பெண்களின் பேச்சாக அமைந்துள்ளன. வேற்றுமைகளில் எட்டாவது எது என்று கேட்டால் விளி வேற்றுமை என்று எழுதி ஒரு மதிப்பெண் பெறுகிறோம். அந்த விளி வேற்றுமைதான் அங்குத் தோழியரைப் பெயர் சூட்டி அழைக்கிறது, கேலி செய்கிறது, கெஞ்சுகிறது. நம் ஊரோடு இணைந்த இப்பாட்டைக் கடல் கடந்த ஊரில் ஒரு முதியவர் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பொருள் கண்டு ஆங்கிலத்தில் தந்தார். பத்தொன்பது வயதில் கற்ற வேற்றுமைப் பாடம் எண்பது வயதில் அவருக்குக் கைகொடுத்தது.

மறைவும் புகழும்

1906-இல் இலண்டன் இராயல் ஏசியாடிக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1908 பிப்ரவரியில் அவர் மறைந்தார். 1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

அவருடைய கல்லறையில், இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான் என்று பொறிக்கப்பட்டிருப்பதாக நாம் பல நூல்களில் படித்திருக்கிறோம். பேச்சுப் போட்டிகளிலும் முழங்கியிருக்கிறோம். ஆக்ஸ்போர்டு செயின்ட் செபுல்கர் கல்லறைத் தோட்டத்திலுள்ள அந்தக் கல்லில் அத்தொடர் இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், தமிழ், தெலுங்கு விரிவுரையாளர் என்றும் அதில் பொறித்துள்ளனர். அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு நாட்டிய கல் என்ற செய்தியும் அதில் உண்டு. நாம் சொல்லிவந்த கதையைவிட இந்த உண்மை எவ்வளவு இனியது! கனடாவில் பிறந்து இங்கிலாந்தில் மறைந்தவரைத் தென்னிந்தியர் என்று கல்லே சொல்கிறது. அந்தக் கல்லை நாட்டியதில் தமிழர் கையும் இருக்கிறது.

முடிவுரை

அன்புத் தங்கையரே! தேர்வுக்காக இலக்கணம் படியுங்கள். நல்ல மதிப்பெண்ணும் பெறுங்கள். ஆனால் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வரும்போது படித்ததை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். எழுத்து எத்தனை வகைப்படும் என்ற சின்னஞ்சிறு வினாவில் தொடங்கிய ஒருவர் திருவாசகத்தின் வாயில்வரை சென்றார். அவருக்குத் தமிழ் பிறமொழி, நமக்கோ தாய்மொழி. அவர் கடல் கடந்து வந்து தேடியது நம் வீட்டு வாயிலிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வினாவாகக் கேட்டு, ஒவ்வொரு படியாக ஏறுவோம். தமிழ் நமக்கும் கதவு திறக்கும்.